புதுப்பிப்பு: குடிநீர்க் குழாய்ப் பள்ளத்தின் அகலத் தகராறு முடிந்தது

குழாய்ப் பள்ளத்துக்கு எவ்வளவு அகலம் வரை பணம் கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன்; விடை சொன்ன அனைவருக்கும் நன்றி. 300 மி.மீ. டி.ஐ. (டக்டைல் அயர்ன் என்னும் வார்ப்பிரும்பு வகை) குழாய்க்கு ஜேசிபி தோண்டிய 900 மி.மீ. அகலத்தை ஒப்பந்ததாரர் தரப்பில் வேலை அளவுகளைக் கணக்கிடும் குவாண்டிட்டி சர்வேயரான நான் எம்-புக்கில் (பணம் பெறுவதற்கான அளவுப் பதிவேட்டில்) எழுத, பொறியாளர் குழாயின் வெளிவிட்டமான 326 மி.மீ.உடன் 250 மட்டும் கூட்டி 576 ஆகக் குறைத்திருந்தார்.

எங்கள் ஒப்பந்தம் மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பைப் பின்பற்றுவதால், ஆழம் 1 மீட்டரைத் தாண்டும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் மீட்டருக்கு 50 மி.மீ. கூட்டலாம் என்று ஒருவர் சுட்டிக்காட்டியதே பலித்தது. அது முழு ஆழத்துக்கும் பொருந்துவதால், எங்கள் 1.5 மீட்டர் ஆழத்துக்கு இரு பக்கமும் சேர்த்து 150 கூடி 726 ஏற்கப்பட்டது. மீதி 174 எங்கள் நஷ்டமே. ஜேசிபி பக்கெட்டின் அகலத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

எதிர்பாராதது ஒன்று: குழாய்க்கு அடியில் போடும் மணல் படுக்கையின் அளவையும் அதே 726க்குக் குறைத்துவிட்டார்கள், நாங்கள் கொட்டியதோ 900க்கு.