ஸானெலே முஹோலியின் படங்கள்: கூட்டுக்கலையா, ஒற்றைக் கையெழுத்தா?

கருவெளி:
கறுப்பினப் பால்புதுமை (queer) கலைஞர்கள் பற்றிய பேச்சில் ‘கூட்டுக்கலை’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. பெரும்பாலும் காட்டப்படும் உதாரணம் தென்னாப்பிரிக்க ஒளிப்படக் கலைஞர் ஸானெலே முஹோலி. 2006இல் தொடங்கிய ‘முகங்களும் கட்டங்களும்’ (Faces and Phases) வரிசையில் கறுப்பின லெஸ்பியன்கள், திருநம்பிகள் எனப் பலரின் கறுப்பு வெள்ளைப் படங்கள், 500க்கு மேல்.

படங்கள் அபாரம், அதில் சண்டை இல்லை. ஆனால் எதிரே நிற்பவரைப் ‘பங்கேற்பாளர்’ என்று அழைத்துவிட்டால் வேலை கூட்டு வேலை ஆகிவிடுமா? ஜெலட்டின் சில்வர் அச்சு (கறுப்பு வெள்ளைப் படத்தின் பாரம்பரிய அச்சு), 76.5 × 50.5 செ.மீ., 8 பிரதிகள், கலைஞருக்கென இன்னும் 2. எல்லாவற்றிலும் ஒரே பெயர். ஒருவர் இயற்றி, ஒருவர் பெயரில் விற்கப்படும் படத்துக்கு உருவப்படம் என்ற பழைய பெயரே போதும்.

நூல்முனை:
கையெழுத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். என்ன உடுத்துவது, எப்படி நிற்பது என்பதில் முடிவு பங்கேற்பாளருடையது. தலைப்பாக வருவது அவர் பெயர், ஊர், ஆண்டு. ‘கட்டங்கள்’ என்ற சொல் குறிப்பது, அவர்களுடைய அடையாளமும் வாழ்க்கையும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை. சிலரைப் பல ஆண்டு இடைவெளியில் திரும்ப எடுத்ததும் உண்டு. 2014இல் ஜெர்மானியப் பதிப்பகம் ஸ்டைடில் வெளியிட்ட தொகுப்பில் பங்கேற்பாளர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதியிருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய படங்களோடு வைத்துப் பார்த்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும். 2004 வாக்கில் முஹோலி எடுத்தவற்றில் வன்முறைக்கு ஆளானவர்களின் தழும்பு உண்டு, காவல் நிலைய வழக்கு எண் உண்டு, முகம் இருக்காது. மறைக்க வேண்டியிருந்தது. அடுத்த வரிசையில் முகம் நேராக நம்மைப் பார்க்கிறது. அந்த முடிவைப் படமெடுப்பவர் தனியாக எடுக்க முடியாது.

2009இல் முஹோலி தொடங்கிய ‘இன்கன்யிஸோ’ என்ற பால்புதுமை ஊடகத் தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே படமெடுப்பதும் எழுதுவதும் மற்றவர்கள்.

கருவெளி:
முகம், பெயர், ஊர் மூன்றும் ஒரே சட்டகத்தில். லெஸ்பியன்களைத் ‘திருத்துவதாக’ச் சொல்லி வன்புணர்வும் கொலையும் நடக்கும் நகர்ப்புறக் குடியிருப்புகளில் இது யாருக்கு ஆபத்து? கேமராவுக்குப் பின்னால் இருப்பவருக்கு மட்டும் அல்லவே. அரசமைப்பு 1996இலேயே பாலியல் நாட்டத்தின் பேரால் பாகுபாட்டைத் தடை செய்தது. 2006இல் ஒருபால் இணையரின் திருமணமும் சட்டமானது. அப்படியிருந்தும் 2009இல் ஜோஹானஸ்பர்க் கான்ஸ்டிட்யூஷன் ஹில் கண்காட்சியிலிருந்து கலைத்துறை அமைச்சரே முஹோலியின் வேறு சில படங்களை ஒழுக்கக்கேடு என்று சொல்லி வெளியேறினார். அமைச்சர் நிலை அதுவென்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் ‘என்னை எடுத்துவிடுங்கள்’ என்றால் என்ன செய்வீர்கள்?

சட்டப்புள்ளி:
சட்டத்தில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் 1978 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒளிப்படத்தின் ஆக்கியோர் என்றால் பொத்தானை அழுத்தியவர் அல்ல, படத்தின் அமைவுக்குப் பொறுப்பானவர். ஆடை, நிற்கும் விதம், இடம் மூன்றையும் எதிரே நிற்பவர் தீர்மானித்தால் ‘நானும் கூட்டு ஆக்கியோர்’ என்று வாதாட இடமுண்டு. வெல்வது கடினம். சட்டகம், வெளிச்சம், எந்த நொடி என்பதெல்லாம் மறுபக்கத்தில் இருக்கின்றன.

தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் பாலியல் வாழ்க்கை பற்றிய தகவலைச் சிறப்பு வகையில் வைக்கிறது. ஆனால் அதன் 7ஆம் பிரிவு இதழியல், இலக்கியம், கலை ஆகியவற்றுக்கு விலக்கு தருகிறது. விலக்கு நிபந்தனையற்றது அல்ல, என்றாலும் சட்டம் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. எதுவானாலும் ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும்.

நூல்முனை:
அதனால்தான் ஒரே தாளில் ஒரே கையெழுத்து வாங்கும் வழக்கம் கூடாது. சம்மதத்தை ஐந்தாகப் பிரிக்க வேண்டும்: ஆவணக் காப்பகம், சுவர்க் காட்சி, பிரதி விற்பனை, அச்சு நூல், இணையம். எதிலிருந்து விலக முடியும், எதிலிருந்து முடியாது என்பதைப் படம் எடுக்கும் முன்பே பங்கேற்பாளரின் மொழியில் சொல்ல வேண்டும். இணையத்திலிருந்து இறக்கலாம், ஆனாலும் நகல்கள் சுற்றும். சுவரிலிருந்து கழற்றலாம். விற்ற பிரதியையும் அச்சான நூலையும் திரும்பப் பெற வழியில்லை. எனவே நூலுக்கும் விற்பனைக்கும் சம்மதம் கடைசியில், படத்தைக் காட்டிய பிறகு, சில வாரம் விட்டு வாங்குவது நல்லது. படம் எடுத்த அன்றைக்கே வாங்கும் சம்மதத்தில் பாதி உற்சாகம்தான்.

விலகியவர்களுக்குச் சுவரில் என்ன வழி என்றால், இந்த வரிசையே ஒரு பதில் வைத்திருக்கிறது. லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகக் காட்சியில் படங்கள் கட்டம் கட்டமாகத் தொங்கின. நடுவே சில இடங்கள் காலி. இப்போது வரிசையில் இல்லாதவர்களுக்கும் இனி எடுக்கப்படவிருப்பவர்களுக்குமான இடங்கள் அவை.

இருட்டறை:
எல்லோரும் கையெழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இதுபோன்ற வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, வெளிச்சம். கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் ஆக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன் கறுத்த தோல் உள்ளவரை நிறுத்தினால் சுவரை நம்பி முகத்தைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். முகம் சட்டகத்தை நிறைத்தால் தலைகீழ்: தோல் வெளிறும். முகத்தில் மட்டும் புள்ளி அளவீடு எடுத்து, அது சொல்வதைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது பாதி வெளிச்சமாக, வைக்க வேண்டும். இது தெரியாத ஆள் பிரதிநிதித்துவம் என்று எத்தனை பேசினாலும் பயனில்லை.

இரண்டு, சேமிப்பு. 2012 ஏப்ரலில் முஹோலியின் கேப் டவுன் வீட்டில் புகுந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளைக் கொண்டுபோனார்கள். பல ஆண்டு உழைப்பு. குறைந்தது மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில், எல்லாம் கடவுச்சொல் பூட்டுடன். பூட்டு இல்லாத வட்டு திருடன் கையில் பெயர்ப் பட்டியலாகிவிடும்.

கருவெளி:
பூட்டும் காலி இடமும் நடந்த பின் செய்வது. முகமே தேவைப்படாத வழி இருக்கிறதே? எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுத் துணி: ஒரு துண்டு 3 × 6 அடி, எட்டுத் துண்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். கறுப்பின அமெரிக்கர்களின் துண்டுகள் குறைவு என்பதால் ‘கால் மை நேம்’ என்று தனிப் பயிலரங்குகளே நடத்தினார்கள். நீட்சி இல்லாத பருத்தித் துணி, விளிம்பில் 2–3 அங்குலம் மடிப்புக்கு, பசை கூடாது தைக்க வேண்டும், ஏனென்றால் மடித்து விரிக்கையில் பசை விட்டுப்போகும். யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஒருவர் கையெழுத்தும் ஓங்காது. இதைத்தான் கூட்டு என்பேன்.

நூல்முனை:
அது போனவர்களுக்காக இருப்பவர்கள் தைப்பது. ‘நான் இருக்கிறேன்’ என்று தானே சொல்ல விரும்பும் உயிருள்ள மனிதருக்கு அதில் இடம் எங்கே? இந்த வரிசையின் முதல் படங்களில் ஒன்று கவிஞர் புசி சிகாஸாவுடையது, 2006, ஜோஹானஸ்பர்க். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். நினைவுத் துணி அவருக்குப் பின்னால் வந்திருக்கும். படம் முன்னால் வந்தது, அவர் விரும்பியபடி.

கருவெளி:
அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். பணத்தில் இல்லை. 8 பிரதியில் ஒன்று விற்றால் எத்தனை சதவீதம் யாருக்கு, பங்கேற்பாளர் இறந்தால் வாரிசு யார், மறுவிற்பனையில் என்ன கணக்கு: இம்மூன்றும் எழுதப்படாத ஒப்பந்தத்தை நான் கூட்டு என்று ஏற்க மாட்டேன், யார் எடுத்தாலும்.

சட்டப்புள்ளி:
வாரிசு விதியில் கவனம். குடும்பம் ஒதுக்கி வைத்த ஒருவருக்கு ‘சட்டப்படியான வாரிசு’ என்று எழுதினால் பணமும் படத்தின் மீதான சொல்லும் அதே குடும்பத்துக்குப் போகும். பெயர் குறித்து நியமிக்கச் சொல்லுங்கள், மாற்று நபர் ஒருவரும் வேண்டும்.