ஜன்னலெல்லாம் அடைத்தும் குளிர்காற்று நிற்கவில்லை: பழைய வீட்டில் எங்கிருந்து வருகிறது?

கேள்வி

வணக்கம். நூறு வருஷத்தை ஒட்டிய செங்கல் வீடு, இரண்டு தளம். கீழ்த்தளத்தில் பலகைத் தரை, அதற்கடியில் காலி இடம். மேலும் கீழும் நகரும் மர ஜன்னல்கள். புகைபோக்கி இருக்கிறது, நெருப்பு மூட்டுவதில்லை. எல்லா ஜன்னலிலும் நுரைப் பட்டை ஒட்டியாயிற்று. அதில் இரண்டு இப்போது தாழ்ப்பாளே விழுவதில்லை. அப்படியும் கால்மாட்டில் சில்லென்று காற்று அடிக்கிறது, காலையில் கண்ணாடியில் நீர் வடிகிறது. வெளிச்சுவரின் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளையும் சிமென்ட் வைத்து மூடிவிடலாமா?

பதில் 1

அந்தத் துளைகளை மட்டும் தொடாதீர்கள். தரைப் பலகையைத் தாங்கும் கட்டைகள் காய்ந்திருப்பதே அவை வழியாக ஓடும் காற்றால்தான். அடைத்தால் மண்ணின் ஈரம் அடியிலேயே தங்கும். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடித்து உளுத்துவிடும். துளையில் மண்ணோ இலையோ அடைத்திருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள்.

காற்றைத் தடுக்க வேண்டிய இடம் தரையின் மேல்பக்கம். சூடான காற்று மேலே ஏறிப் பரண் (கூரைக்கு அடியில் உள்ள இடம்) வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்காற்று உள்ளே இழுபடுகிறது. அதனால் பரண் கதவில் தொடங்குங்கள். சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டி, அதை அழுத்திப் பிடிக்க இரண்டு கொக்கி போடுங்கள். கதவின் கனம் மட்டும் பட்டையை அழுத்தப் போதாது. குழாயும் ஒயரும் மேலே ஏறும் ஓட்டைகளை அடுத்துப் பாருங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க, வெளியே காற்று வீசும் நாளில் கதவு ஜன்னலைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போட்டு, ஊதுபத்தியை ஓரங்களில் மெதுவாக நகர்த்துங்கள். புகை சாய்கிற இடத்தில் பென்சில் குறி வையுங்கள். திரைச்சீலையை முதலில் கழற்றிவிடுங்கள். எரிவாயுக் கருவி ஏதாவது இருந்தால் சோதனைக்கு முன் அணைத்துவிடுங்கள்.

பதில் 2

ஜன்னலுக்கு நுரைப் பட்டை ஒத்துவராது. நகரும் சட்டம் உரசி உரசி அதைக் கிழித்துவிடும். உரித்தெடுத்துவிட்டு, பக்கவாட்டு மரப்பட்டிகளில் மெல்லிய பள்ளம் எடுத்து, பிரஷ் போலக் குட்டை இழைகள் வைத்த பட்டையைச் செருகுங்கள். இரண்டு சட்டங்களும் சந்திக்கும் நடுக்கட்டையில் ஒரு பிரஷ். கீழ்க்கட்டை படியில் உட்காரும் இடத்தில் மட்டும் அழுந்தும் ரப்பர். அளவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம்: களிமண் உருண்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இடைவெளியில் வைத்து ஜன்னலைச் சாத்துங்கள். நசுங்கிய கனம்தான் உண்மையான இடைவெளி. 3 மி.மீ. வரை ஆங்கில 'E' வடிவ ரப்பர், 5 மி.மீ. வரை 'P' வடிவம். தடிமன் கூடினால் உங்களுக்கு நடந்ததுபோலத் தாழ்ப்பாள் விழாது.

பெயிண்டைச் சுரண்டும் முன் ஈயம் இருக்கிறதா என்று சோதியுங்கள். 1970-களுக்கு முந்தைய பூச்சில் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த உப்புத்தாள் போடக்கூடாது. நனைத்துத்தான் சுரண்ட வேண்டும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. பத்தியைக் காட்டிப் பார்த்ததில், சுவரோரப் பலகையின் அடியிலிருந்தும் தரைப் பலகைகளுக்கு நடுவிலிருந்தும் காற்று வருகிறது. கணப்புக்கு (புகைபோக்கியின் அடியில் நெருப்பு மூட்டும் இடம்) முன்னால் புகை நேராக உள்ளே இழுபடுகிறது. சமையலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி இருக்கிறது, அறைக் காற்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. வடக்கு மூலையில் பெயிண்ட் உப்பியிருக்கிறது. சிமென்ட் பூச்சு போடலாம் என்கிறார் கொத்தனார்.

பதில் 1

முதலில் அந்தக் கருவி. வீட்டை இறுக்கமாக்க ஆக்க அதற்குக் கிடைக்கும் காற்று குறையும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது கருவியின் புகை அதன் குழாய் வழியாக அறைக்கே திரும்பலாம். அதில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. அதற்கென உள்ள காற்று வழியை மூடாதீர்கள், அபாய ஒலிப்பான் ஒன்று வையுங்கள். மற்ற இடங்களை அடைக்குமுன் எரிவாயுப் பணியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

சுவரோர இடைவெளி 6 மி.மீ.க்குள் என்றால் அக்ரிலிக் சீலன்ட் போதும். அதற்கு மேல் என்றால், இடைவெளியைவிடக் கால்பங்கு பெரிய நுரைக் கயிற்றை முதலில் திணித்து, மேலே சீலன்ட் இழுங்கள். பலகைகளுக்கு நடுவே கெட்டியாகும் மக்கு (புட்டி) வேண்டாம். மரம் விரிந்து சுருங்கும்போது துண்டு துண்டாக உதிரும். மெல்லிய மரச் சீவலை ஒரு பக்கம் மட்டும் பசை தடவித் தட்டி இறக்குங்கள்.

புகைபோக்கியில் கம்பளித் தக்கையோ காற்றுப் பையோ செருகலாம், ஆனால் முழுக்க அடைக்கக்கூடாது. கொஞ்சம் காற்றாவது ஓடாவிட்டால் உள்ளே ஈரம் சேர்ந்து சுவரில் கறை இறங்கும். யாரும் தெரியாமல் நெருப்பு மூட்டிவிடாதபடி கணப்பில் ஒரு அட்டை எழுதி மாட்டுங்கள்.

பதில் 3

சிமென்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுத்தான் காயும். சிமென்ட் போட்டால் அந்த ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், பூச்சு உப்பும், செங்கல் முகமே உதிரும். வெளியே மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, மண்மட்டம் துளைகளைவிட உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அதைச் சரிசெய்து, உப்பிய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சை 8 முதல் 10 மி.மீ. கனத்தில் ஒவ்வொரு அடுக்காகப் போடச் சொல்லுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் வேலை கூடாது.

கண்ணாடியில் வடியும் நீர் சமையல், குளியல், துணி உலர்த்துவது ஆகியவற்றின் ஆவி. காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானி வாங்கி மாட்டுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் குளித்து முடித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் கால் மணி நேரமாவது ஓடட்டும்.