மறு: வைல், அன்டில் – இரண்டுக்கும் 'வரை' போதுமா?

அனைவருக்கும் வணக்கம். பாஷ் (லினக்ஸில் நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல்) கையேட்டின் தமிழ்ச் சொற்கள் பற்றிய கேள்வி இது. வைல் (while), அன்டில் (until) இரண்டும் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் சொற்கள். எழில், தமிழிலேயே நிரல் எழுதும் மொழி.

> எழில் மொழியில் வைலுக்கு 'வரை' இருக்கிறதே. பாஷ் கையேட்டில் அன்டிலுக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, எழிலில் அது இடிக்கவில்லை. பாஷில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கொடுத்த கட்டளை ஒவ்வொரு முறையும் வெற்றியாக முடிந்துகொண்டிருந்தால் வைல் சுற்றிக்கொண்டே இருக்கும். தோற்றுக்கொண்டிருந்தால் அன்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் 'வரை'யோ இரண்டு பக்கமும் பேசும். "மழை பெய்யும் வரை காத்திரு" என்றால் மழை இன்னும் வரவில்லை. "மழை பெய்யும் வரை வெளியே போகாதே" என்றால் கொட்டிக்கொண்டிருக்கிறது.

மதுரை சிம்மக்கல் பக்கம் நான் எடுக்கும் மாலை வகுப்பில் போன வாரம் இதில்தான் மாட்டினேன். நெட் வந்ததும் ஒரு கோப்பை அனுப்ப வேண்டும். 'பிங் கிடைக்கும் வரை 5 விநாடி தூங்கு' என்று பலகையில் எழுதிப் போட்டேன் (பிங், இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை). ஒரு தம்பி வைல் போட்டுவிட்டான். நெட் இல்லை, பிங் தோற்றது. உள்ளே ஒரு தடவைகூட நுழையாமல் நேரே கோப்பை அனுப்பப் போய்ப் பிழை. ரவுட்டரைப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினான். இப்போது தூங்குகிறது, தூங்குகிறது, எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் கன்ட்ரோல் சி அழுத்தித்தான் நிறுத்தினோம். தப்பு அவனுடையது இல்லை, என் தமிழுடையது.

ஆகவே வைலுக்கு 'உள்ளவரை', அன்டிலுக்கு 'ஆகும்வரை'. 'உயிர் உள்ளவரை' என்பதை யாரும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. இன்னொரு வசதி: பாஸ்கல் என்ற நிரல் மொழியில் அன்டில் கடைசியில் வரும், அதனால் வேலை ஒரு முறையாவது நடந்துவிடும். பாஷில் சோதனை முதலில். தமிழிலும் 'ஆகும்வரை' வேலைக்கு முன்னால்தானே வந்து நிற்கிறது.

இப்படித் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குப் பாடநூலின் 'மடக்கு' எனக்கு ஒட்டவில்லை. கணக்கில் 'மடக்கை' என்றால் லாகரிதம், பையன்கள் குழம்புகிறார்கள். 'சுற்று' போதும். சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றி நிலைக்கு வருவதைப் பார்த்த மதுரைப் பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம். நிலை சேரும்வரை வடம் இழு: அதுதான் அன்டில்.

அப்புறம், 'ஆகும்வரை'யைச் சேர்த்தே எழுதுவோம். நடுவில் இடைவெளி விட்டால் ஷெல் அதை இரண்டு சொல்லாக எடுத்துக்கொள்ளும்.