மாணவனாக அடித்தது கணக்கில் வரும், மைனர் கவுண்டியில் அடித்த சதம் வராதா?

கோண்டாவில்_பையன்:
வணக்கம். பெரியப்பாவின் பழைய பள்ளிக்கூட கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போனபோது ஓர் ஆங்கிலேயரின் பக்கத்தில் போய் நின்றேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய முதல்தரப் போட்டிகள் (பல நாள் நடக்கிற உயர்மட்ட ஆட்டங்கள்), பெரிதாக ஓட்டமும் இல்லை. அப்புறம் இரண்டாம் மட்டத்து மாவட்ட அணியான ஒரு மைனர் கவுண்டிக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆடிச் சதமெல்லாம் அடித்திருக்கிறார். ஆனால் முதல்தரக் கணக்கில் நிற்பது அந்த மாணவ ஓட்டங்கள் மட்டும்தான். இது என்ன முறை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணிக்கூட்டுக்கோபுரம்:
தம்பி, முதல்தரம் என்ற பெயரைப் போட்டிக்குத்தான் கொடுப்பார்கள். ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1827இல் லண்டன் லோட்ஸ் மைதானத்தில் முதன்முதலாக மோதின. 19ஆம் நூற்றாண்டில் அந்த இரண்டு அணிகளும் இங்கிலாந்தின் பெரிய மாவட்ட அணிகளான கவுண்டிகளுக்குச் சமமாக நின்றவை, அதனால் கிடைத்த தகுதி பிறகு அணிகள் பலவீனமான காலத்திலும் அப்படியே இருந்தது. பருவத் தொடக்கத்தில், சித்திரை வைகாசிக் குளிரில், கவுண்டிகள் அங்கே போய்க் கை கால் உதறிக்கொள்ளும். எதிரே நிற்பவன் அடுத்த மாதப் பரீட்சைக்குப் படிக்கிற பையன். மைனர் கவுண்டிச் சங்கம் 1895இல் தொடங்கியது. அவர்களின் ஆட்டம் நெடுங்காலம் இரண்டு நாள்தான், முதல்தரத்துக்கோ குறைந்தது மூன்று நாள் வேண்டும். அங்கே எத்தனை சதம் அடித்தாலும் அந்தக் கணக்கில் ஏறாது.

எங்கள் இலங்கை நாட்டவர் ஒருவரையும் சொல்லவேண்டும். காமினி குணசேன 1957இல் கேம்பிரிட்ஜின் தலைவராக, லோட்ஸில் ஒக்ஸ்போர்டுக்கு எதிராக 211 ஓட்டங்கள் எடுத்தார். பல்கலைக்கழக ஆட்டம் எல்லாமே சும்மா இல்லை.

நெல்லியடி_இப்போ_லண்டன்:
அண்ணை சொன்னது சரி. ஒக்ஸ்போர்ட் பார்க்ஸ் மைதானத்தில் ஒருநாள் முழுக்க இருந்து பார்த்திருக்கிறேன். அது பொதுப் பூங்கா, டிக்கெட் கிடையாது. நாயோடு நடக்க வந்தவர்கள் எல்லைக்கோட்டில் நின்று இரண்டு ஓவர் பார்த்துவிட்டுப் போவார்கள், உள்ளே ஒரு கவுண்டி வேகப்பந்து வீச்சாளர் ஓடிவருவார். காலில் பேட் கட்டியபடி ஒரு பையன் மடியில் தடித்த பாடப்புத்தகத்தை வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். விக்கெட் விழுந்ததும் பக்கத்தை மடக்கிவைத்துவிட்டு எழும்பினான். இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

மைனர் கவுண்டியில் ஆடியவர்களில் பலர் ஆசிரியர், வழக்கறிஞர், கமக்காரர். வேலைக்கு லீவு போட்டு வந்து ஆடுவார்கள். அவர்களுக்குப் பெரிய நாள் என்றால் தோற்றவர் வெளியேறுகிற நொக்கவுட் கிண்ணத்தில் ஒரு முதல்தரக் கவுண்டியைச் சந்திக்கிற நாள். 1973இல் அன்றைய மைனர் கவுண்டி டர்ஹாம் யோக்‌ஷயரை வென்றது, அதற்கு முன் எந்த மைனர் கவுண்டியும் அப்படி வென்றதில்லை. அதே டர்ஹாம் 1992இல் முதல்தரக் கவுண்டியாகவே ஆனது.

பந்துக்காரன்:
இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் சிட்னி பார்ன்ஸை மறந்துவிட்டீர்களே! 27 டெஸ்டில் 189 விக்கெட். 1913-14இல் தென்னாபிரிக்காவில் நான்கே டெஸ்டில் 49. அந்தக் காலத்தில் அவர் ஆடிக்கொண்டிருந்தது ஸ்டாபோர்ட்ஷயர் என்ற மைனர் கவுண்டிக்கு. உலகிலேயே சிறந்த பந்துவீச்சாளர், ஊருக்காக எடுத்த விக்கெட்டுகள் முதல்தரக் கணக்கில் இல்லை. என்னைக் கேட்டால் அந்த மனிதனின் பந்துவீச்சை அளக்க அந்தக் கணக்கே போதாது.

மணிக்கூட்டுக்கோபுரம்:
ஒன்று விட்டுப்போச்சு. 2020உடன் பல்கலைக்கழகங்களின் முதல்தரத் தகுதியும் முடிந்தது. மைனர் கவுண்டிகளின் பெயரும் அதே வருடம் தேசியக் கவுண்டிகள் என்று மாறியது. தம்பி, அந்த ஸ்கோர் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

கோண்டாவில்_பையன்:
எல்லோருக்கும் நன்றி, இப்போது விளங்குகிறது. புத்தகம் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் கொடிகாமம் வரை போய்த் திரும்பி வந்தது. பச்சை மட்டை, ஓரமெல்லாம் கறையான். உள்ளே பென்சில் எழுத்து அழியவில்லை. ஓட்டமே கொடுக்காத மெய்டன் ஓவர் என்றால் ஆறு புள்ளிகளையும் கோடிழுத்து ஆங்கில எம் எழுத்தாக்கி இருக்கிறார்கள், பெரியப்பாவின் வரிசையில் ஒரே ஆட்டத்தில் அப்படி ஏழு எம். சனிக்கிழமை வெளிச்சத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.