ஜட்ஜ் ஹோல்டன் மனிதன்தானா?

கேள்வி: கார்மக் மெக்கார்த்தியின் ‘பிளட் மெரிடியன்’ (1985) நாவலை நேற்றிரவு முடித்தேன். அதில் வரும் ஜட்ஜ் ஹோல்டனுக்குக் கிட்டத்தட்ட ஏழடி உயரம், புருவமும் இமைமுடியும்கூட இல்லாத வெளுத்த உடம்பு. தூங்குவதே இல்லை என்கிறான். மனிதன்தானா இவன்?

பதில்: எனக்கு உடம்பைவிட அவன் நோட்டுப் புத்தகம்தான் பயம். ஸ்பானிஷ் போர்க்கவசத்தின் பாதத்துண்டு ஒன்றை அவ்வளவு நுணுக்கமாக வரைகிறான். அப்புறம் அந்தத் துண்டையே கசக்கி நெருப்பில் எறிகிறான். தனக்குத் தெரியாமல் உலகில் எதுவும் இருக்கக் கூடாதாம். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

பதில்: கிளாண்டன் கும்பலோடு திரிந்ததாகச் சொன்ன சாமுவேல் சேம்பர்லினின் நினைவுக்குறிப்பிலேயே ஹோல்டன் வருகிறான். 1849-இல் மெக்சிகோவில் பழங்குடியினரைக் கொன்று அவர்களின் தலைத்தோலுக்குக் கூலி வாங்கிய, நாவலில் வரும் அந்தக் கும்பலும் நிஜம்.

கேள்வி கேட்டவர்: சரி, இன்றும் தூக்கம் இல்லை.