போலீசுக்கு முன்பே ஆவணப்படம் பேசலாமா?

ஆற்றங்கரையான்:
பிரபலங்கள் மீதான பாலியல் புகார்களைப் போலீஸ் விசாரிக்கும் முன்பே ஆவணப்படமாக எடுத்து டிவியில் போடுவதை நான் ஏற்கவில்லை. பிரிட்டன் பாடகர் கிளிஃப் ரிச்சர்டைப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் அவர் வீட்டில் சோதனை நடந்தபோது பிபிசி ஹெலிகாப்டரில் இருந்து படம்பிடித்துக் காட்டியது. அவர் அப்போது போர்ச்சுகலில் இருந்தார். கடைசிவரை கைதும் இல்லை, வழக்கும் இல்லை. 2018இல் நீதிமன்றம் 2,10,000 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. போன பெயர் அதில் திரும்பிவிடுமா?

மாலைநிலா:
அண்ணே, அங்கே போலீஸ் ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்கும் கேள்விக்கு, பிபிசியின் பிரபல டிவி தொகுப்பாளர் ஜிம்மி சாவில்தான் பொருத்தம். 2009இல் இங்கிலாந்தின் சர்ரே போலீஸ் பாலியல் புகார்களுக்காக அவரை விசாரித்தது. ஸ்டேஷனில் இல்லை; ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், அவருடைய சொந்த அறையில்! புகார் சொன்ன பெண்களிடம், இதே புகாரை வேறு பெண்களும் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லவே இல்லை. அந்த ஆளைத் தனியாக எதிர்த்துக் கோர்ட்டில் நிற்க யாருக்குத் துணிவு வரும்? வழக்கே போடவில்லை. 2011இல் ஊரே புகழ, செத்துப்போனார்.

2012 அக்டோபர் 3 அன்று, சாவில் பற்றி ஐடிவி சேனலின் ஆவணப்படம் வந்தது. பிறகு எத்தனை பேர் முன்வந்தார்கள் தெரியுமா? 2013 ஜனவரி போலீஸ் அறிக்கைப்படி சுமார் 450 பேர். பதிவான குற்றங்கள் 214. “நீ மட்டும் இல்லை” என்று அந்தப் பெண்களுக்குப் போலீஸ் சொல்லாததை அந்தப் படம் சொன்னது.

ஆற்றங்கரையான்:
செத்தவர் அவதூறு வழக்குப் போட முடியாது, அதனால் துணிந்தார்கள். உயிரோடு இருப்பவர் கதி என்ன? ஒரே மாதம் கழித்து பிபிசியின் நியூஸ்நைட் செய்தி நிகழ்ச்சி, ஒரு மூத்த கன்சர்வேட்டிவ் கட்சி அரசியல்வாதி மேல் குழந்தை வன்கொடுமைப் புகாரை ஒளிபரப்பியது. பெயர் சொல்லவில்லை. ட்விட்டரில், அந்தக் கட்சியின் முன்னாள் பொருளாளர் மெக்கால்பைன் பிரபுவின் பெயரை இழுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் புகார் சொன்னவரே மெக்கால்பைனின் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஆள் இவரில்லை என்று மன்னிப்புக் கேட்டார். எழுபது வயது மனிதருக்கு அந்த ஒரு வாரம் எப்படிப் போயிருக்கும்!

கோர்ட்வாசல்:
சட்டம் பற்றி ஒன்று. “போலீஸ் வரட்டும், பிறகு காட்டலாம்” என்பது பிரிட்டனில் எளிதில் நடக்காது. 1981 நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, ஒருவர் கைதான பிறகு வழக்கைப் பெரிதும் பாதிக்கக்கூடிய எதையும் வெளியிட்டால் ஊடகத்தின் மேலேயே வழக்கு வரும். ஜூரி மனது கெடக் கூடாது என்பதற்காக. 2022இல் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்படும் முன் விசாரணையில் இருப்பவருக்குப் பொதுவாக அந்தரங்க உரிமை உண்டு என்றும் சொல்லிவிட்டது. ஆக, போலீஸ் முதலில் என்றால் பெரும்பாலும் தீர்ப்பு வரை மௌனம்தான்.

மாலைநிலா:
அதைத்தான் சொல்கிறேன். மெக்கால்பைன் விஷயத்தில் நடந்தது அரைகுறை வேலை. புகார் சொன்னவரிடம் ஒரு போட்டோ காட்டவில்லை, மெக்கால்பைனிடம் விளக்கமும் கேட்கவில்லை. இதே நியூஸ்நைட்தான் 2011 டிசம்பரில், சாவில் பற்றி ஒரு பெண் கேமரா முன் கொடுத்த பேட்டியைப் போடாமல் விட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு பிபிசி சாவிலுக்கு அஞ்சலி நிகழ்ச்சி ஓட்டியது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆற்றங்கரையான்:
கோபம் நியாயம்தான், தங்கச்சி. ஆனால் சரிபார்த்தார்களா இல்லையா என்பது ஒளிபரப்பிய பிறகுதானே நமக்குத் தெரிகிறது? கையில் இருப்பதை முதலில் போலீசிடம் கொடுக்கட்டும். அசையவில்லை என்றால் படம் போடட்டும்.

மாலைநிலா:
கொடுப்பதா வேண்டாமா என்று அந்தப் பெண்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சேனல் அவர்களைக் கேட்காமல் கொடுத்தால் அடுத்த பெண் வாயே திறக்க மாட்டாள். அமெரிக்காவில் பாடகர் ஆர். கெல்லி 2008இல் சிறார் ஆபாசப்பட வழக்கில் விடுதலையானவர். 2019 ஜனவரியில் அவரைப் பற்றிய ஆவணத்தொடர் வந்ததும் சிகாகோ அரசு வழக்குரைஞரே, பாதிக்கப்பட்டவர்கள் முன்வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். பிப்ரவரியில் வழக்குப் பதிவு. 2022இல், நியூயார்க் வழக்கில், 30 ஆண்டுச் சிறை.

ஆற்றங்கரையான்:
கெல்லியை வைத்து எல்லோரையும் அளக்க மாட்டேன். ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்: பெயர் சொல்லாமல் ஜாடையாகப் போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். மெக்கால்பைனைச் சிக்கவைத்தது அதுதான்.

மாலைநிலா:
அதில் நானும் உங்கள் பக்கம்தான் அண்ணே. பெயரோடு, அவருடைய பதிலோடு போடட்டும். முடியாவிட்டால் போடவே வேண்டாம்.