டிரான்ஸ்மிட்டர் இருக்கும்போது முள் கேஜும் வேண்டுமா?

குமிழி:
ஏர் இன்டெக்ரேஷன் உள்ள (டேங்க் அழுத்தத்தையும் காட்டும்) டைவ் கம்ப்யூட்டரும், அந்த அழுத்தத்தை வயர் இல்லாமல் அதற்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் புதிதாக வாங்கியிருக்கிறேன். மணிக்கட்டைத் திருப்பினால் டேங்க் பிரஷர் தெரிகிறது, இதே வேகத்தில் மூச்சு இழுத்தால் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதும் கூடவே வருகிறது, பிடித்துப்போய்விட்டது. அதே அழுத்தத்தை முள்ளால் காட்டும் பழைய கேஜ் இன்னும் இடதுபக்கம் ஹோஸோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. சிலர் அதைக் கழற்றி எறி என்கிறார்கள், சிலர் அது இல்லாமல் தண்ணீரில் இறங்காதே என்கிறார்கள். நான் செய்வதெல்லாம் ஒற்றை டேங்க், 30 மீட்டருக்குள், டெக்கோ (மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்பது) கிடையாது. நடு டைவில் சிக்னல் போய்விட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஆழிமீன்:
கழற்றாதீர்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் (டேங்க் வால்வில் மாட்டும் ரெகுலேட்டர் பகுதி) பெரும்பாலும் இரண்டு ஹை பிரஷர் போர்ட் இருக்கும், ஒன்றில் டிரான்ஸ்மிட்டர், இன்னொன்றில் கேஜ். சிக்னல் போனால் கேஜைப் பார்த்து டைவைத் தொடரலாம். கேஜ் இல்லையென்றால் மேலே வருவதைத் தவிர வேறு வழி இல்லை. பேட்டரி தண்ணீருக்குள் மட்டும் தீராது, படகில் ஏறி டேங்கைத் திறந்தபிறகும் தீரும், அன்றைய நாளே போய்விடும்.

உப்புக்காற்று:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கேஜ் ஒரு பாதுகாப்பு என்று சொல்பவர்கள் அந்த ஹோஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கேஜ் ஹோஸோடு சேரும் இடத்தில் சுழலும் சின்ன ஸ்பூலில் இரண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்), தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழி விடும் இடம் அதிகமும் அதுதான். கூடவே அது பாறையில் மாட்டும், பவளத்தில் உரசும். டெக்கோ இல்லாத டைவில் எந்த நிமிடமும் நேராக மேலே போகலாம் அல்லவா, அப்புறம் எதற்கு இரண்டாவது கருவி? திரையில் எண்ணுக்குப் பதிலாகக் கோடு வந்தால் பட்டிக்கு (கூட வரும் டைவருக்கு) சைகை காட்டி, முன்னெச்சரிக்கையாக சேஃப்டி ஸ்டாப் நின்று, ஏறிவிடுவேன். அவ்வளவுதான்.

அதற்குக் கணக்கு மட்டும் கையில் இருக்க வேண்டும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 18 லிட்டர் இழுப்பவர் 20 மீட்டரில், அதாவது 3 பார் அழுத்தத்தில், 54 லிட்டர் இழுப்பார். 11 லிட்டர் டேங்கில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 பார். கடைசியாக 120 பார்த்து 4 நிமிடம் ஆகியிருந்தால் இப்போது 100 பக்கம் இருக்கும், ஏறுவதற்குத் தாராளம். இந்தக் கணக்கு மனதில் ஓடாதவர் கேஜை வைத்துக்கொள்வதே நல்லது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓரிங்காரன்:
ரெகுலேட்டர் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் சில விஷயங்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் கேஜுக்குப் போகும் ஹை பிரஷர் ஹோஸ் வெடித்தால் டேங்க் நொடியில் காலியாகும் என்று பலர் பயப்படுவது மட்டும் தேவையில்லாதது. அந்த ஹோஸ் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சேரும் முனையில் ஊசிமுனை அளவுக்குத்தான் துளை இருக்கும், சத்தம் பெரிதாக வரும், காற்று மெதுவாகத்தான் போகும். வாய்க்குக் காற்று கொண்டுவரும் லோ பிரஷர் ஹோஸ் அறுந்தால்தான் உண்மையில் விரைவாகக் காலியாகும்.

யாரும் பேசாத ஒன்று வால்வு. டேங்க் வால்வைக் கொஞ்சமாக மட்டும் திறந்துவிட்டு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். முள் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு ஆழமாக இழுத்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து, விட்டதும் திரும்ப ஏறும், அங்கேயே பிடித்துவிடலாம். டிரான்ஸ்மிட்டர் சில வினாடிக்கு ஒருமுறைதான் அனுப்புகிறது, அந்தச் சரிவு இரண்டு அனுப்பலுக்கு நடுவே விழுந்தால் திரையில் 200 என்று அழகாக நிற்கும். மேலே மூச்சு சரியாக வரும், 25 மீட்டரில் திணறும். கேஜை நான் வைத்திருப்பதற்கு சிக்னலைவிட இதுதான் முதல் காரணம். கேஜ் இல்லாதவர்கள் இறங்கும் முன் வால்வை முழுதாகத் திறந்திருப்பதைக் கையால் தொட்டு உறுதி செய்யுங்கள்.

சிக்னல் அறுவதில் பெரும்பகுதி கோளாறே இல்லை. இந்த ரேடியோ தண்ணீரில் ஒரு மீட்டர் சொச்சம்தான் போகும் (கார்மின் டி1 மாதிரி சோனாரில் அனுப்புபவை வேறு கதை, அவை 10 மீட்டர் வரை எட்டும்). டிரான்ஸ்மிட்டர் வலது தோளுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் இடது கையில், அந்தக் கையையும் முழுதாக முன்னால் நீட்டிக்கொண்டு நீந்தினால் அறும். கையை மார்புக்கு அருகில் கொண்டுவந்து சில வினாடி பொறுங்கள், வந்துவிடும். கேமரா ஸ்ட்ரோபும் (ஃபிளாஷ்) நீருக்கடி ஸ்கூட்டர் மோட்டாரும்கூட இடைஞ்சல் செய்யும்.

அப்புறம், டேங்கைத் தூக்கும்போது டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடியாகப் பிடிக்க விடாதீர்கள். பார்ப்பதற்குக் கைப்பிடி மாதிரியே இருப்பதால் படகில் உதவுபவர்கள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். இந்தத் தொல்லைக்காகவே சிலர் 15 செ.மீ. ஹோஸ் போட்டு அதை ஓரமாகத் திருப்பிவிடுகிறார்கள்.

குமிழி:
வால்வு விஷயம் எனக்குப் புதிது, நன்றி. இன்னொரு சந்தேகம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதுவும் இதே டிரான்ஸ்மிட்டரைப் படிக்கிறது. அதை மறு கையில் கட்டிக்கொண்டால் பேக்கப் ஆகாதா? ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலேயே நேராகத் திருகும் பொத்தான் கேஜ் ஒன்றும் பார்த்தேன், ஹோஸே வேண்டாமே?

ஓரிங்காரன்:
பாதிதான் ஆகும். ஒரு கம்ப்யூட்டர் செத்தால் மற்றது காட்டும், டிரான்ஸ்மிட்டர் பேட்டரி செத்தால் இரண்டும் சேர்ந்து குருடு. நோ-டெக்கோ நேரத்துக்காக (டெக்கோ இல்லாமல் கீழே இருக்கக்கூடிய நேரம்) இரண்டாவது கம்ப்யூட்டர் நல்லதுதான், கட்டிக்கொள்ளுங்கள். பொத்தான் கேஜ் உங்கள் பிடரிக்குப் பின்னால் இருக்கும், பட்டி பார்த்துச் சொன்னால்தான் உண்டு. அது போனி டேங்குக்கு (அவசரத்துக்கான சின்ன டேங்க்) சரி.

உப்புக்காற்று:
இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஜும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே எண்ணைக் காட்டாது, 5, 10 பார் வித்தியாசம் சகஜம். எது சரி என்று தண்ணீருக்குள் ஆராய்ச்சி வேண்டாம், குறைவாகக் காட்டுவதை நம்புங்கள். டேங்க் மாட்டாதபோது முள் பூஜ்யத்தில் படுத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், 20இல் ஒட்டிக்கொண்டு நிற்கும் கேஜ் பேக்கப் இல்லை.

குமிழி:
சரி, கேஜ் இருக்கட்டும். ஆனால் நீள ஹோஸை மாற்றிக் குட்டையாகப் போட்டு, இடுப்பு டி-ரிங்கில் கிளிப் செய்யப்போகிறேன். டிரான்ஸ்மிட்டருக்கு மாற்று பேட்டரியும் அதன் ஓ-ரிங்கும் கிட்டில் இருக்கும்.